எத்தியோப்பியாவில் இனவாரி மாநிலங்கள் அமைத்தும் ஏன் உள்நாட்டுப் போர் வந்தது?

பலரும் இனவாரியாக மாநிலம் பிரித்ததுதான் காரணம் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

1995 அரசியலமைப்பின் 39வது பிரிவு, ஒவ்வொரு இனத்துக்கும் பிரிந்துபோகும் உரிமையைக்கூடத் தருகிறது. பலன் இல்லாமல் இல்லை. அம்ஹாரிக் மொழி மட்டுமே கோலோச்சிய பள்ளிகளில் ஓரோமோ இனப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே படிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், கட்சி இன்னொரு பக்கம். 1991 முதல் ஆண்ட கூட்டணியில் நான்கு கட்சிகள். பிடி, வடக்கு மாநிலமான திக்ராயின் கட்சியிடம். கட்சி மேலிடம் எடுத்த முடிவை மாநில அரசுகள் அப்படியே நிறைவேற்றின. மன்னராட்சி, ராணுவ ஆட்சி என்று பழகிய 'மேலே சொன்னால் கீழே கேட்கணும்' என்ற வழக்கம் கட்சிக்குள் அப்படியே தொடர்ந்தது. மத்திய அரசும் மாநிலமும் மோதினால் பேசித் தீர்க்கும் பழக்கம் வளரவே இல்லை. கட்சிக்குள்ளேயே அமுக்கிவிடுவார்களே, அப்புறம் எப்படி வளரும்?

2019ல் பிரதமர் அபிய் அகமது அந்தக் கூட்டணியைக் கலைத்து ஒரே கட்சியாக்கினார். திக்ராய் கட்சி சேரவில்லை. 2020ல் கொரோனாவைக் காட்டித் தேர்தல் தள்ளிப்போனது; திக்ராய் செப்டம்பரில் தானே தேர்தல் நடத்தியது. நவம்பரில் மத்திய அரசுக்கும் திக்ராய்க்கும் போர். அரசியலமைப்புக்கு விளக்கம் சொல்லும் நாடாளுமன்ற மேலவையான கூட்டமைப்பு மன்றம் நடுவராக நிற்கும் என்று திக்ராயில் யாரும் நம்பவில்லை. அதுவும் ஆளுங்கட்சியின் கையில்தானே இருந்தது!

2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இரு தரப்புக்கும் சமாதான ஒப்பந்தம் ஆனது. மேற்குத் திக்ராய் பகுதி திக்ராய்க்கா, பக்கத்து மாநிலமான அம்ஹாராவுக்கா என்ற தகராறு அதிலும் தீரவில்லை.