தண்ணீருக்கு நடுவே வாடும் ரப்பர் செடி

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் சின்ன ரப்பர் செடி ஒன்று வாங்கி, வீட்டுக்குள் பெரிய தொட்டியில் மாற்றி வைத்தேன். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மேல் இலைகள் தொங்குகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போட்டேன். பிழைக்குமா?

பதில்: பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தண்ணீரையும் உரத்தையும் இன்றே நிறுத்துங்கள்.

மண்ணுக்குள் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி தொங்கினால் அது தாகம் இல்லை, வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரே நின்றால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. பெரிய தொட்டி இதை இன்னும் மோசமாக்கும். இளம் வேர்கள் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அப்புறம், தொட்டியைச் சாய்த்துச் செடியை மெல்ல வெளியே எடுங்கள். வேரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தொட்டுப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை லேசாக இழுத்தாலே மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். அவற்றைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். இந்தச் செடியில் வெட்டிய இடத்தில் கசியும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்த உருண்டையைவிட 1 அல்லது 2 அங்குலம் மட்டுமே அகலமான, அடியில் துளை உள்ள தொட்டியில், கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட்டும் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்த மண்ணில் நடுங்கள். அழுகலே இல்லையா? சரி, வேரைக் கிளறாமல் அப்படியே திரும்ப வைத்து மண்ணைக் காயவிடுங்கள்.

ஜன்னல் அருகே வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், உச்சி வெயில் நேராகப் படக் கூடாது. இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், அதற்கும் இலை கொட்டும். மேல்மண் 2 அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். அப்போது அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். உரத்தின் உப்பு நொந்த வேரை மேலும் கருக்கும் என்பதால் புது இலை வரும்வரை அது வேண்டாம்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். கவனிக்க வேண்டியது நுனியை. அங்கே சிவந்த உறை ஒன்று கூர்மையாக நீண்டு, பிரிந்து, சுருண்ட இளம் இலை வெளிவந்தால் வேர் பிடித்துவிட்டது. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். எல்லா இலையும் கொட்டிவிட்டாலும் தூக்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.