மே கடைசியில் கண்டு நடுகை: ரொறன்ரோ வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

கேள்வி (ஸ்காபரோ): அக்கா, விக்டோரியா தின லோங் வீக்கெண்டில எல்லாரும் நடுகினம் எண்டு நாங்களும் வெண்டிக் கண்டு நடுறனாங்கள். ஒவ்வொரு வருஷமும் மஞ்சளாகி, வச்ச இடத்தில வச்சபடியே நிக்குது. பசளை காணாதோ?

பதில்: பசளையில் குறையில்லை, மண் குளிர். விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை என்பது உறைபனி ஓரளவு ஓய்ந்துவிட்டது என்பதற்கான கணக்கு மட்டும்தான். தக்காளிக்கு அது போதும். வெண்டிக்கு மண்ணே 18 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். பகலில் 24 பாகை வெயில் எறித்தாலும், அந்த நாட்களில் மண்ணுக்குள் 13, 14 பாகைதான் இருக்கும். அந்தக் குளிரில் வேர் சத்தை இழுக்காது. மழையும் சேர்ந்தால் வேர் அழுகத் தொடங்கும். நீங்கள் இன்னும் பசளை போட்டால் கெடுதல்தான்.

கறிக்குக் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றைக் காலை 8 மணிக்கு 10 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் 18க்கு மேல் காட்டினால் நடலாம். பெரும்பாலும் அது ஜூன் முதலாம் இரண்டாம் கிழமையில் வரும். அவசரமென்றால் பாத்தியைக் கறுப்புப் பொலித்தீனால் பத்து நாள் இறுக்கி மூடி வையுங்கள். வெண்டிக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் முறுகிக்கொள்ளும். கடதாசிக் கோப்பையில் கண்டு போட்டு, அடியைக் கிழித்துக் கோப்பையோடு தாழ்ப்பது நல்லது. விதையாக ஊன்றுவதென்றால் இரவு முழுக்க ஊறவிட்டு, 2 செ.மீ. ஆழத்தில் இரண்டிரண்டாக, 35 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். சூடேறிய மண்ணில் ஜூன் 7இல் போட்ட விதை, மே 20இல் நட்ட கண்டைப் பல தடவை முந்திவிடும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): வீட்டுக்குள்ள வளர்த்த மிளகாய், கத்தரிக் கண்டுகளை வெளியில வச்சு இரண்டு நாளில இலையெல்லாம் வெள்ளையாப் போட்டுது. ஏதும் நோயோ?

பதில்: வெயில் சுட்டது. யன்னலோரத்தில் வளர்ந்த இலை நேர் வெயிலையும் காற்றையும் கண்டதில்லை. முதல் இரண்டு நாள் நிழலில் இரண்டு மணித்தியாலம், பிறகு காலை வெயிலில் ஒரு மணித்தியாலம் என்று கூட்டிக்கொண்டே போய், 7 முதல் 10 நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். இரவு 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடுங்கள். குருத்துப் பச்சையாக இருந்தால் கண்டு தப்பிவிடும். வெளுத்த இலையை உடனே கிள்ள வேண்டாம். நடும்போது தக்காளியைக் கீழிலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகத் தாழ்க்கலாம், தண்டிலும் வேர் விடும். மிளகாய், கத்தரியைச் சாடியில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள்.

கேள்வி (பிரம்ரன்): புது வீடு. மண் செங்கல் மாதிரி. ஊரில போல சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுக் கொத்தலாமோ?

பதில்: இரண்டும் வேண்டாம். தென் ஒன்ராறியோ மண்ணுக்கு அடியில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மண்ணே காரப் பக்கம். சாம்பல் அதை இன்னும் கூட்டும், இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும். புது வீடுகளில் கட்டும்போது மேல்மண்ணை வழித்து, கனரக வண்டிகள் மிதித்த களிமண்தான் மிஞ்சியிருக்கும். ஈரமாக இருக்கும்போது கொத்தவே கூடாது. ஒரு பிடி எடுத்து அமத்திப் பாருங்கள்: உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டை பிடித்தால் பொறுங்கள். மேலே 5 முதல் 7 செ.மீ. மக்கிய கொம்போஸ்ட் பரப்பி ஒரு சாண் ஆழத்துக்குக் கலவுங்கள்.

இந்த வருஷமே காய் வேண்டுமென்றால் பலகை அடித்து உயர்பாத்தி போடுங்கள். 4 அடிக்கு 8 அடி, 1 அடி உயரமென்றால் 32 கன அடி, அதாவது ஏறத்தாழ 1.2 கன யார் மண். 30 லீற்றர் மூட்டையாக வாங்கினால் 30 மூட்டை. கன யார்க் கணக்கில் ட்ரிபிள் மிக்ஸ் என்ற கலவை மண்ணை இறக்குவது பெரும்பாலும் மலிவு. பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் தக்காளியையும் கத்தரியையும் அதற்குக் கிட்ட வைக்காதீர்கள். அதன் வேரிலிருந்து வரும் நஞ்சு இவற்றை வாட்டிக் கொன்றுவிடும்.

கேள்வி (மார்க்கம்): ஊரில இருந்து வந்த அவரை விதை. பந்தல் முழுக்கக் கொடி, பூ மட்டும் இல்லை. செப்டெம்பர் நடுவில பூத்து, பிஞ்சு பிடிக்க முதல் பனி கொண்டு போட்டுது.

பதில்: உங்கள் பராமரிப்பில் பிழையில்லை. பழைய கொடியவரை இனங்கள் பல பகல் குறுகினால்தான் பூக்கும். ஊரில் வருஷம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். இங்கே ஜூன் 21இல் 15 மணித்தியாலத்துக்கு மேல். 12க்கு இறங்கவே செப்டெம்பர் கடைசியாகிவிடும். சிறகவரைக்கும் இதே கதை. எந்தப் பசளையும் இதை மாற்றாது. பகல் நீளத்தைப் பாராமல் காய்க்கும் குத்தவரை இனம் தேடி வாங்குங்கள், அல்லது அந்தப் பந்தலைப் பயித்தைக்குக் கொடுங்கள். பந்தல் பாத்தியின் வடக்குக் கரையில் இருக்கட்டும், மற்றச் செடிகளுக்கு நிழல் விழாது.

கேள்வி (மிசிசாகா): கத்தரி இலை முழுக்க ஊசியால குத்தின மாதிரி ஓட்டை. மருந்து அடிக்கிறதோ?

பதில்: எள்ளை விடச் சிறிய கறுப்பு வண்டு, தொட்டால் துள்ளும். நட்ட அன்றே மெல்லிய பூச்சி வலையால் மூடி, ஓரத்தை மண்ணால் அணையுங்கள். பூக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், தேனீ வரவேண்டும். இலையின் கீழ்ப்பக்கம் செம்மஞ்சள் முட்டைக் கூட்டம் கண்டால் அது உருளைக்கிழங்கு வண்டு, விரலால் நசுக்குங்கள். ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டு வளவில் அடிக்கும் இரசாயன மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஊரிலிருந்து வந்த போத்தல் எதையும் சாப்பிடும் செடிக்கு அடிக்கவே வேண்டாம்.

கேள்வி (ஸ்காபரோ): புடலை பிஞ்சு விரலளவில வாடி விழுது.

பதில்: மகரந்தம் சேரவில்லை. புடலம்பூ பொழுதுபட்டபின் விரியும், பகல் தேனீ உதவாது. இரவு ஒரு ஆண்பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சோடு நிற்கும் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): கறிவேப்பிலையை எப்ப வெளியில வைக்கிறது?

பதில்: இரவு 13 பாகைக்குக் குறையாதபோது. முதல் கிழமை நிழலில்.

கேள்வி (பிரம்ரன்): தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழியுது. முட்டைக்கோது போட்டும் நிக்கேல்லை.

பதில்: காய்க்குச் சுண்ணாம்புச்சத்து (கல்சியம்) போய்ச் சேராததால் வருவது இது. ஆனால் இங்கத்தை மண்ணில் அதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம் விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. மழையோடு சேர்த்துக் கிழமைக்கு ஒரு சதுர மீற்றருக்கு 25 லீற்றர் தண்ணீர், இரண்டு தடவையாக, செடியின் அடியில் விடுங்கள். மண் சூடேறியபின், ஜூன் நடுவில் 5 செ.மீ. வைக்கோல் பரப்புங்கள், அதற்கு முதல் பரப்பினால் குளிரைத்தான் மூடி வைக்கும். சாடியில் நட்டிருந்தால் 20 லீற்றருக்குக் குறைந்த சாடி தக்காளிக்குக் காணாது, கடும் வெயிலில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் வேண்டும்.