‘சொல்லியிருந்தால் செய்திருப்பேன்’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து மீனவர் சங்கமொன்றுக்குப் படகுப் பதிவு மென்பொருள் செய்கிறோம். என்னைத் தலைவியாகப் போட்டார்கள். வேலை செய்வது இரண்டு பேர்தான். மற்றவர்களைக் கேட்டால், ‘சொல்லியிருந்தால் செய்திருப்பேன்’ என்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவி, கோணேசபுரி

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். ‘நீ தரவுத்தளத்தைப் பார்’ என்பது வேலை கொடுத்ததாகாது. எதை, எப்போது, யாரிடம் தரவேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். ‘புதன் மாலை 6 மணிக்குள் படகு அட்டவணை, 10 மாதிரிப் பதிவுகளோடு கிட்ஹப்பில் (குழுவின் நிரலை ஒன்றாக வைக்கும் இணையத்தளம்) இருக்கவேண்டும், மென்பொருளின் திரையைச் செய்பவர் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்’ என்று எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வேலையையும் இரண்டு நாளுக்குள் முடியும்படி வெட்டுங்கள். இரண்டு கிழமை வேலையை ஒன்றாகக் கொடுத்தால், முதல் நாளே முட்டுப்பட்டவர் வெட்கத்தில் கடைசிவரை வாய் திறக்கமாட்டார்.

கிழமைக்கு இரு தடவை 20 நிமிடம் கூடுங்கள். முடித்தது என்ன, அடுத்தது என்ன, எங்கே முட்டுகிறது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். தீர்வை அங்கேயே தேடப் போனால் கூட்டம் இரண்டு மணித்தியாலம் இழுபடும். முடிவு, பெயர், திகதி என்று அரைப் பக்கக் கூட்டறிக்கை எழுதி அன்றிரவே அனுப்புங்கள்.

பகுதிகளைக் கடைசிக் கிழமையில் பொருத்த நினைக்கவேண்டாம். படகுப் பதிவில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். ஒருவர் அதை வெறும் எண் என்று நினைத்து அட்டவணை அமைத்திருப்பார், மற்றவரின் திரையோ எழுத்தையும் அனுப்பும். இந்தச் சின்னப் பிசகு சமர்ப்பிக்கும் நாளில்தான் தெரியவரும், பிறகு ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டுவீர்கள். மூன்றாம் கிழமையிலேயே ஒரேயொரு படகைப் பதிந்து, திரும்ப எடுத்துக் காட்டும் வெறும் எலும்புக்கூட்டை ஓடவையுங்கள்.

வேலை தராதவரை வட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், தனியே கேளுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்பதைவிட ‘எந்த இடத்தில் நின்றுவிட்டது’ என்று கேட்டால் பதில் வரும். பெரும்பாலும் சோம்பல் அல்ல, கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தெரியாது என்ற பயம்தான். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். அதற்குப் பிறகும் கொடுத்த திகதி இரண்டு தடவை தவறினால் கூட்டறிக்கையோடு விரிவுரையாளரிடம் போங்கள். ஐந்தாம் கிழமையில் போனால் அவரால் ஏதாவது செய்யமுடியும், பதினான்காம் கிழமையில் முடியாது.

இன்னொன்று. சங்கத்தாரிடம் ‘என்ன மென்பொருள் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். அவர்கள் இப்போது எழுதும் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். மீன் விற்கும் நேரத்தில் போகாமல், வலை திருத்திக்கொண்டிருக்கும்போது போனால் ஆறுதலாகப் பேசுவார்கள்.

கேள்வி: மகன் பொறியியல் பீடத்துக்குப் போகிறான். சங்கம், கழகம் என்று திரிந்தால் படிப்புக் கெடாதா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, கணக்குப் பார்த்தே சொல்லலாம். பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். 30 கற்பித்தல் கிழமைகளுக்குப் பிரித்தால் கிழமைக்கு 50. மிஞ்சும் நேரத்தில் நான்கைந்து மணித்தியாலம் ஒரு சங்கத்துக்குத் தாராளம், மூன்று சங்கத்துக்குப் போதாது. முதல் அரையாண்டில் எந்தப் பதவியும் வேண்டாம். பிறகு எடுத்தால், மேடையில் இருத்தும் பதவியைவிடப் பொருளாளர் பதவி நல்லது. பற்றுச்சீட்டு, வரவு செலவு, கடன் கேட்கும் நண்பனுக்கு மறுப்புச் சொல்வது எல்லாம் அங்கே பழகும்.

இது படிப்புக்கு வெளியே உள்ள விஷயமும் அல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கை பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் குழுவேலை, தொடர்பாடல், செயற்றிட்ட முகாமைத்துவம், தொழில் ஒழுக்கம் ஆகியவையும் உண்டு.

கேள்வி: பாடம் தெரியும். நேர்முகப் பரீட்சையில் பேச வராது.
– மாணவர், மூதூர்

பதில்: நீங்கள் செய்த ஒரு செயற்றிட்டத்தை இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியில் பதியுங்கள். பிரச்சினை என்ன, நீங்கள் செய்த பகுதி எது, எது பிழைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டு போனால் உங்கள் பங்கு எது என்று கேட்பவருக்கு விளங்காது. தினம் ஒரு தடவையாகப் பத்து நாள் பதிந்து, முதலாவதையும் பத்தாவதையும் பாடம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத சொற்களைக் குறித்து மாற்றுங்கள். சிங்களமும் கொஞ்சம் பழகுங்கள். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ இயந்திரத்தின் கோளாறை முதலில் சொல்பவர் அதை ஓட்டும் தொழிலாளிதான். அவர் பேசும் மொழியில் நீங்கள் கேட்கவேண்டும்.