லாபம் ஏட்டில், உளுந்து கிட்டங்கியில்

கேள்வி: உளுந்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2022இல் மியான்மர் நாணயமான கியாட் சரிந்தபோது ஏட்டில் நல்ல லாபம். ஆனால், சொத்தைப் பருப்பைப் பிரிக்கும் இயந்திரம் கேட்டபோது, “டாலர் சட்டம் வந்துவிட்டது, காசில்லை” என்று முதலாளி கைவிரித்தார். அதே மாதம் இரண்டாவது கிட்டங்கி பிடித்து மூட்டை அடுக்கினார். அவர் சொன்னது பொய்தானே?
- வாசகர், யாங்கூன்

பதில்: காசில்லை என்றது பொய். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அந்த ஏப்ரலில், கைக்கு வரும் டாலரை ஒரே நாளில் 1,850 கியாட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்றது மத்திய வங்கி. ஆகஸ்டில் விலையை 2,100 ஆக்கி, ஏற்றுமதி வருவாயில் 65 சதவீதத்தை அப்படி மாற்றச் சொன்னது. வெளியிலோ டாலர் அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உளுந்து விற்ற டாலரை மலிவாகக் கொடுத்துவிட்டு, இயந்திரத்துக்கான டாலரை ஏறிய விலையில் தேட வேண்டும். இதற்கு வரி என்று பெயரில்லை, ரசீதும் இல்லை.

நான்கு மாதத்தில் இரண்டு உத்தரவு. ஐந்தாம் மாதம் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? மூட்டையை நாளைக் காலையே பயின்னவுங் சந்தையில் தள்ளிவிடலாம். தரையில் பொருத்திய இயந்திரத்தை வாங்க ஆள் வர வேண்டும். ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள்: 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடில்லாமல் செல்லாதவையாயின. பெட்டியில் பணம் வைத்தவர் அழுதார், அரிசி வைத்தவர் சாப்பிட்டார். உங்கள் முதலாளி அரிசிக்காரர் கட்சி.

இனி உங்கள் ஏட்டுக்கு வருவோம். லட்சம் கியாட்டுக்கு வாங்கிய சரக்கை ஒன்றேகால் லட்சத்துக்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் லட்சம் லாபம் என்று எழுதியிருப்பீர்கள். அதே அளவு சரக்கைத் திரும்ப வாங்க ஒன்றரை லட்சம் ஆனால், அந்த லாபம் எங்கே? கணக்கு எழுதுகிற நீங்களே இதைக் கவனிக்காமல் கேள்வி அனுப்பியது எனக்கு வியப்புதான்.

ஆனாலும் முதலாளியை முழுதாக விட்டுவிட மனம் வரவில்லை. கியாட் கரைகிறது என்று தன் பணத்தை உளுந்தாக மாற்றிக்கொண்டவர், உங்கள் சம்பளத்தை எதில் கொடுத்தார்? பழைய கியாட் கணக்கில்தானே? இயந்திரத்தை விடுங்கள், அதைக் கேளுங்கள்.