பில் கட்டியாச்சு, ஆனாலும் நம்பரை விட மறுக்கிறார்கள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜா போட்டிருக்கும் ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, பேச வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டகை தாண்டிக் களத்து மேட்டில் நிற்க வேண்டும், விடிகாலையில் பெங்களூர் பூ வியாபாரி கூப்பிட்டது தெரியாமல் இரண்டு முறை பூ தேங்கிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் ‘நிலுவை இருக்கிறது’ என்று இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். போஸ்ட்பெய்டு இணைப்பு, 12 வருடமாக ஒரே நம்பர். “பேசாமல் புது சிம் வாங்கிவிடட்டுமா ஐயா?” என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். அந்த நம்பர் உங்கள் வியாபாரிகள் எல்லார் போனிலும் இருக்கிறது, அதைக் கையோடு எடுத்துப் போகத்தான் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க போர்ட்டிங் வசதி இருக்கிறது. ஏன் போகிறீர்கள் என்று அரை மணி நேரம் குடைந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்லவே தேவையில்லை. சிக்னல் கிடைக்காமல் மாறுவார்கள், கட்டணம் ஏறியதால் மாறுவார்கள், புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மாறுவார்கள், சட்டம் இதில் எதையும் கேட்பதில்லை. மறுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளில் இருக்கிற காரணமாக இருக்க வேண்டும்: அந்தக் கம்பெனியில் 90 நாள் முடியாதது, வந்த பில்லைக் கெடு தாண்டியும் கட்டாதது, பெயர் மாற்றம் பாதியில் நிற்பது, நம்பர் மேல் வழக்கு இருப்பது, இப்படிச் சில. சிம்மை மாற்றி வாங்கி 7 நாள் ஆகாவிட்டாலும், கம்பெனி மாறுவதற்கான ரகசியக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ என்பதைத் தர மாட்டார்கள், இது 2024 ஜூலையில் வந்தது.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். 472 ரூபாய், கெடு 18-ம் தேதி, நீங்கள் கட்டியது 15-ம் தேதி, முதல் மறுப்பு வந்தது 20-ம் தேதி. ‘இந்த மாசம் ஓடிக்கொண்டிருக்கிற பில்லையும் கட்டினால்தான் விடுவோம்’ என்று கவுண்டரில் சொன்னார்களே, அது தப்பு. இன்னும் போடாத பில் நிலுவை ஆகாது. ஆனால் மாறின பிறகு கடைசி பில் ஒன்று வரும், அதை மறக்காமல் கட்டிவிடுங்கள், கட்டாவிட்டால் பழைய கம்பெனி கேட்டுக்கொண்டு புது இடத்திலும் உங்கள் இணைப்பை நிறுத்த முடியும்.

இப்போது கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் நாளைக்கு நம் கையில் ஒன்றும் இருக்காது. தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும், 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போன் விவகாரம் அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. கம்பெனி ஆபீஸ் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரியிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. தேங்கின பூவுக்கு நஷ்டஈடு கேட்பதானால் அந்த நாட்களின் கால் விவரமும் வியாபாரியின் சீட்டும் வேண்டும், இப்போதே எடுத்து வையுங்கள்.

இதற்கிடையில் இன்னொரு தடவை முயற்சி செய்யுங்கள். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைச் சேர்த்து 1900-க்கு மெசேஜ். எட்டு எழுத்துக் கோடு வரும், அது நாலு நாள்தான் செல்லும். அதை யாருக்கும் போனில் சொல்லாதீர்கள், புதுக் கம்பெனியின் கடைக்கு நேரில் போய்க் கொடுங்கள். தமிழ்நாட்டு சிம் என்றால் 3 வேலை நாள். ஓசூர்ப் பக்கம் நிறையப் பேரிடம் பெங்களூரில் வாங்கின கர்நாடக சிம் இருக்கிறது, உங்களுடையதும் அப்படியானால் 5 வேலை நாள் ஆகும்.

மறுபடி மறுத்தால் அந்த மெசேஜை அழிக்காமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள், மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.