டால்மேஷனின் சிறுநீரில் யூரேட் படிகங்கள்: உணவில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் நான்கு வயது ஆண் டால்மேஷனின் சிறுநீர்ப் பரிசோதனையில் யூரேட் படிகங்கள் இருப்பதாகத் தெரியவந்துள்ளது. தினமும் சோற்றுடன் கோழி ஈரல் பிசைந்து வைக்கிறோம். பக்கத்து வீட்டு நாய்க்கு ஸ்ட்ருவைட் கல் கரைவதற்காகக் கொடுத்த உணவையே இதற்கும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்து உண்டாகும் ஸ்ட்ருவைட் கல்லைக் கரைக்கும் உணவு பொதுவாகச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட்டோ அமிலச் சிறுநீரில்தான் எளிதாகப் படியும். பக்கத்து வீட்டு நாய்க்குக் குணமளித்த உணவே உங்கள் நாய்க்குக் கல் வளர வழிசெய்துவிடலாம்.

மற்ற பெரும்பாலான நாய்களின் கல்லீரல், யூரிக் அமிலத்தை நீரில் நன்கு கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. டால்மேஷன்களிலோ ஒரு மரபணுப் பிறழ்வின் காரணமாக யூரிக் அமிலம் கல்லீரல் செல்களுக்குள் சரிவரப் புக முடியாமல், பெருமளவு அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே கல் இல்லாத டால்மேஷன்களின் சிறுநீரிலும் இப்படிகங்கள் காணப்படுவதுண்டு. கல் இருக்கிறதா என்பதை ஸ்கேன் செய்துதான் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் யூரேட் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

முதலில் ஈரலை நிறுத்துங்கள். யூரிக் அமிலம் பியூரின் என்ற பொருளிலிருந்து உருவாகிறது; ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்புகளிலும், நெத்திலி, மத்தி போன்ற மீன்களிலும், ஈஸ்ட் கலந்த சத்துமாத்திரைகளிலும் அது மிகுதி. முட்டையிலும், உப்பில்லாத பனீரிலும், தயிரிலும் மிகக் குறைவு என்பதால் புரதத்தின் பெரும்பகுதி இவற்றிலிருந்து கிடைக்கட்டும். நாய் விரும்பிக் குடிக்கிறதே என்று கோழி வேகவைத்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஆனால் வேகும்போது இறைச்சியிலுள்ள பியூரினில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. ஆகவே எப்போதாவது சிறிதளவு கோழிக்கறி கொடுத்தாலும் வேகவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். வீட்டுச் சமையல் மட்டுமே உணவென்றால் கால்சியமும் வைட்டமின்களும் போதாமல் போகும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

உணவு வகைக்கு இணையாக முக்கியமானது தண்ணீர். உலர்தீனியில் ஏறத்தாழ 10 சதவீதமே நீர் உள்ளது. சோற்றைக் குழைய வடித்து, வெந்நீர் விட்டுத் தளர்வாகப் பிசைந்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். சிறுநீர் வெளிர்நிறமாக, அதன் அடர்த்தி எண் (தண்ணீருக்கு 1.000) 1.020-க்குக் கீழே இருப்பது நல்லது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு நடுநிலையான 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இதற்காகச் சோடா உப்பை நீங்களாகவே கலக்காதீர்கள். தேவைப்பட்டால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட்டை மருத்துவர் எழுதித் தருவார். யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தரப்பட்டால் உணவுக் கட்டுப்பாட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பியூரின் மிகுந்த உணவோடு அதைக் கொடுத்தால் சாந்தைன் என்னும் வேறொரு கல் உருவாகக்கூடும். அடுக்குமாடியில் வளரும் நாய்கள் நெடுநேரம் அடக்கிவைப்பதால், பகலில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

ஆண் நாய்களின் சிறுநீர்க்குழாய் ஆண்குறி எலும்பை ஒட்டிய இடத்தில் குறுகலாக இருக்கும். சிறு கல்லும் அங்கே சிக்கிக்கொள்ளும். காலைத் தூக்கி முக்கியும் சிறுநீர் வராமலோ சொட்டுச்சொட்டாக வந்தாலோ, மறுநாள்வரை பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.