388 கேம்தானே இருந்தது? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி பதில்

கோடை லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சண்டை போட்டார்கள். டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோ 64 என்ற பழைய கேம் பெட்டிக்கு மொத்தமே 388 கேம், அதே காலத்துச் சோனி பிளேஸ்டேஷனுக்கோ ஆயிரக்கணக்கில். அப்படியென்றால் நின்டெண்டோ 64 தோற்றுப்போன பெட்டிதானே என்பது விவகாரம். நான் நடுவில் ஏதோ சொல்லப்போக, அது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பரவி, கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. டிவி, டேப்ரிக்கார்டர் ரிப்பேரில் ஆரம்பித்து, கேம் பெட்டிகளைப் பிரித்து மாட்டுவதில் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

அண்ணே, 388 என்பது கம்மிதானே? அதைத் தோல்வி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

கம்மிதான் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. ஏன் கம்மி என்று பார்ப்போம். 1996-ல் அந்தப் பெட்டி வந்தபோது சோனியும் சேகாவும் சிடிக்கு மாறியிருந்தன. நின்டெண்டோ மட்டும் கேசட்டை விடவில்லை. அதிலும் நியாயம் உண்டு: கேசட் போட்டதும் ஓடும், லோடிங் என்று கொட்டாவி விட வேண்டாம், திருட்டுக் காப்பி போடுவதும் சிரமம். ஆனால் ஒரு சிடியில் 650 எம்பி கொள்ளும். நின்டெண்டோ 64 கேசட்டில் அதிகபட்சமே 64 எம்பி.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பணம். சிடி அடிக்கச் சில்லறைக் காசு போதும். விற்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கேசட்டுக்குள் இருப்பது சிப். கேம் கம்பெனி முன்பணம் கட்டி, இத்தனை ஆயிரம் என்று ஆர்டர் கொடுத்து, சரக்கு வரும்வரை காத்திருந்து, விற்காவிட்டால் நஷ்டத்தையும் தானே சுமக்க வேண்டும். கையைச் சுட்டுக்கொள்ள யார் வருவார்? ஸ்கொயர் கம்பெனி நின்டெண்டோவின் பழைய கூட்டாளி. அதுவே 1997-ல் ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற கேமை மூன்று சிடியில் போட்டு பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது.

விளைவு, பிளேஸ்டேஷன் 10 கோடியே 24 லட்சம் விற்றது. நின்டெண்டோ 64 விற்றது 3 கோடியே 29 லட்சம். தோல்வி என்கிறாயா? மூன்றாவதாக ஓடிய சேகா சாட்டர்னைப் பார். அதற்கு ஆயிரத்துக்கு மேல் கேம், பெரும்பாலும் ஜப்பானில் மட்டும் வந்தவை. விற்றதோ சுமார் 92 லட்சம். எண்ணிக்கைதான் ஜெயிக்க வைக்கும் என்றால் சாட்டர்ன் அல்லவா நின்டெண்டோ 64-ஐ விழுங்கியிருக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் சிறு வயதில் இருந்த டிவி கேமில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். எண்ணிக்கைதான் கணக்கு என்றால் உலகிலேயே வெற்றி பெற்ற பெட்டி அதுதானோ?
(புதுவயல்)

நல்லா மாட்டிவிட்டீர்கள். அது ஜப்பானில் 1983-ல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கு நகல். நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பெயரில் இருந்தது. 9999 என்ற மெனுவை ஒரு லீவில் உட்கார்ந்து கடைசி வரை உருட்டிப் பார்த்தவன் நான். ஒன்பது கேம்தான் இருந்தது. ஒரே மரியோ ஒருமுறை முதல் கட்டத்தில் தொடங்கும், இன்னொரு வரியில் நாலாவது கட்டத்தில் தொடங்கும், அதற்கு வேறு பெயர் வைத்திருப்பான். அந்த ஒன்பதிலும் நாங்கள் ஆடியது மூன்று. ஒரு லீவு முழுக்கப் போதுமாக இருந்தது.

சரி, ஒரு பெட்டிக்கு எத்தனை கேம் இருந்தால் போதும்? ஒரு நம்பர் சொல்லுங்கள் சார்.
(வங்கி ஊழியர், தேவகோட்டை)

நம்பர் சொல்ல முடியாது சார், ஆனால் உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு வகுத்தல் கணக்கு சொல்கிறேன்.

பெட்டியில் கம்பெனிக்குப் பெரிய லாபம் கிடையாது. சில சமயம் கைக்காசு போட்டே விற்பார்கள். வருமானம் கேமில்தான். வெளிக் கம்பெனி கேம் விற்றாலும் பெட்டிக்காரருக்கு அதில் ஒரு பங்கு போகும். அதனால் தலைக்கு எத்தனை கேம் விற்றது என்று பார்ப்பார்கள். நின்டெண்டோ தானே வெளியிட்டிருக்கும் கணக்குப்படி நின்டெண்டோ 64-க்கு விற்ற கேம்கள் சுமார் 22 கோடியே 50 லட்சம். அதை 3 கோடியே 29 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஏழுகூட வராது.

388-ல் ஒரு வீட்டுக்காரர் வாங்கியது ஏறத்தாழ ஏழு. அடுத்து 2001-ல் வந்த நின்டெண்டோவின் கேம்க்யூப் பெட்டியைப் பாருங்கள். அது இன்னும் குறைவாக, 2 கோடியே 17 லட்சம்தான் விற்றது. ஆனால் கேம்கள் 20 கோடிக்கு மேல் போயின. தலைக்கு ஒன்பதரை. பெட்டி குறைந்தது, வாங்கியவர்கள் கையோ தாராளம். இப்போது எது ஜெயித்தது, எது தோற்றது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

அதற்காக மீதி 381 வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். என் ஏழும் உங்கள் ஏழும் ஒன்றாக இருக்காது. நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் ஒருத்தர் கவுனி அரிசிக்காகவே உட்காருவார். பக்கத்து இலைக்காரர் அதைத் தொடாமல் வெள்ளைப் பணியாரத்துக்குக் காத்திருப்பார். நின்டெண்டோ 64-ல் ஓட்டப்பந்தயம், குதித்து ஓடுவது, நாலு பேர் சேர்ந்து சுடுவது எல்லாம் அமோகம். ஜப்பான்காரர்கள் உயிரை விடும் கதை கேம்கள், அதாவது ரோல் பிளேயிங் வகை, மிகவும் குறைவு. அமெரிக்கக் கண்டத்தில் 2 கோடியைத் தாண்டிய பெட்டி, சொந்த ஊரான ஜப்பானில் 55 லட்சத்தோடு நின்றது. மொத்தம் கம்மியாக இருந்ததைவிட, ஒரு வகை கிட்டத்தட்ட இல்லாமல் போனதுதான் அங்கே அடித்தது.

இன்னொன்று இடைவெளி. அமெரிக்காவில் அந்தப் பெட்டி வெறும் இரண்டு கேமோடு வந்தது: சூப்பர் மரியோ 64, பைலட்விங்ஸ் 64. மரியோ ஒன்றே ஒரு கோடிக்கு மேல் விற்றது, அது வேறு கதை. ஆனால் அதை முடித்துவிட்டுக் கடைக்குப் போனால் அலமாரி காலி. அந்த நேரத்தில் பையன் நண்பன் வீட்டுக்குப் போய் பிளேஸ்டேஷனைத் தொட்டுவிட்டால் முடிந்தது கதை.

தம்பி, என் பேரனுக்கு அவன் அப்பச்சி ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தான். நாலு தட்டுதான் இருக்கிறது. "இதில் கேமே இல்லை, புதுசு வேணும்" என்று வளவில் உட்கார்ந்து அழுகிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
(ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

ஆச்சி, முதலில் அந்த நாலு தட்டில் எதை அவன் தினமும் போடுகிறான் என்று நாலு நாள் கவனியுங்கள். ஒன்றைத்தான் போடுவான். மற்ற மூன்றையும் கொடுத்துவிட்டு வேறு பழைய தட்டு மாற்றிக்கொள்ளலாம். பெரிய செலவு ஆகாது. அவன் வைத்திருப்பது பிளேஸ்டேஷன் 4 என்றால் அதற்குக் கேம் இல்லை என்பது சுத்தப் பொய், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் 5 இருக்கிறது, அதுதான் விஷயம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் தட்டு போடும் வாய் உள்ள பிளேஸ்டேஷன் 5-ஆகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பழைய 4-இன் தட்டுகள் பெரும்பாலும் அதில் ஓடும். வாய் இல்லாத மாடல் கொஞ்சம் மலிவு என்று வாங்கிவிட்டால், புது மாடலில் வாயைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டினால் ஒழிய, இருக்கிற நாலு தட்டும் காபி டம்ளர் வைக்கத்தான் ஆகும்.

கேம் கம்மியாக இருந்து நிஜமாகவே மண்ணைக் கவ்விய பெட்டி எது?
(பள்ளத்தூர்)

நின்டெண்டோவின் வர்ச்சுவல் பாய். 1995-ல் வந்தது, அடுத்த வருஷமே காணாமல் போனது. மொத்தம் 22 கேம், விற்றது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம். உடனே "பார்த்தீர்களா, கேம் இல்லாததால்தான்" என்று குதிக்காதீர்கள். மேஜைமேல் ஸ்டாண்டில் நிற்கும், குனிந்து அதற்குள் கண்ணை வைக்க வேண்டும், படம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். கொஞ்ச நேரத்தில் தலைவலி வருகிறது என்றார்கள். வாங்க ஆள் இல்லை; ஆள் இல்லாததால் கேம் செய்ய யாரும் வரவில்லை; கேம் வராததால் இன்னும் ஆள் குறைந்தது. 22 என்பது காய்ச்சல் மாதிரி. நோய் வேறு இடத்தில்.

1993-இன் அடாரி ஜாகுவாரும் அதே வழிதான். ஐம்பது கேசட் அளவில் நின்றுபோனது. அதற்குக் கேம் எழுதுவது தலைவேதனை என்று எழுதியவர்களே புலம்பினார்கள்.

அதற்கு நேர்மாறாக, கேம் அதிகமாகி அழிந்தது உண்டா?
(ஆசிரியர், கோட்டையூர்)

உண்டு சார், அதுதான் இந்தத் தொழிலின் பெரிய பாடமே. அடாரி 2600 பெட்டி 1977-ல் வந்தது. யார் வேண்டுமானாலும் அதற்குக் கேசட் போடலாம் என்று ஆகிவிட, 1982, 83-ல் கடை முழுக்கக் குப்பை. எது நல்லது, எது மட்டம் என்று வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் தேங்கியதைப் பாதி விலைக்குத் தள்ள, நல்ல கேமும் சேர்ந்து செத்தது. 1983-ல் அமெரிக்காவில் அந்தச் சந்தையே சரிந்தது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வெறும் வதந்தி என்று பலர் நினைத்திருக்க, 2014-ல் தோண்டிப் பார்த்தால் நிஜமாகவே கிடந்தன.

இதைப் பார்த்துப் பாடம் படித்தது நின்டெண்டோ. ஃபேமிகாமை என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் இறக்கியபோது உள்ளே ஒரு பூட்டு சிப் வைத்தது. அனுமதி இல்லாத கேசட் ஓடாது. வெளிக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு ஐந்து கேம் என்று வரம்பும் போட்டது. வேண்டுமென்றே பட்டியலைச் சுருக்கினார்கள் சார். ஜப்பானின் ஃபேமிகாமையும் சேர்த்து அந்தப் பெட்டி உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றது.

நின்டெண்டோவின் வீ யூ பெட்டியில் கேம்கள் நன்றாகத்தானே இருந்தன? அது ஏன் போனது?
(காரைக்குடி)

பெயரால். வீ என்ற பழைய பெட்டிக்கு இது ஏதோ கூடுதல் கருவி என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள். 2012-ல் வந்து மொத்தம் 1 கோடியே 35 லட்சம்தான் போனது. கேம்மேல் குற்றம் இல்லை என்பதற்குச் சாட்சி மரியோ கார்ட் 8. வீ யூவில் 84 லட்சம் விற்ற அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி அடுத்து வந்த ஸ்விட்ச் பெட்டியில் போட்டார்கள், 6 கோடியைத் தாண்டிவிட்டது.

ஒரே பெட்டி ஓர் ஊரில் தோற்று இன்னோர் ஊரில் ஜெயிக்குமா?
(நாச்சியாபுரம்)

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிக் கடை வைத்த ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியா இது? சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டி அமெரிக்காவில் என்இஎஸ் முன்னால் நிற்கவே முடியவில்லை. பிரேசிலில் டெக்டாய் என்ற உள்ளூர் கம்பெனி அதை எடுத்துச் செய்தது. அங்கே அது வீட்டுக்கு வீடு போன பெட்டி. சேகாவே மறந்த பிறகும் பல வருஷம் விற்றார்கள்.

பழைய வீட்டைச் சுத்தம் செய்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நின்டெண்டோ 64 கிடைத்தது. கூட ஐந்து கேசட். ஓடுமா? ஐந்தே கேசட்டுக்காக இதை வைத்துக்கொள்ளலாமா?
(கண்டனூர்)

ஐந்தில் மரியோ 64-ம் 1998-இன் ஸெல்டா ஆக்கரினா ஆஃப் டைமும் இருந்தால் எனக்குக் கொடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

முதலில் கரண்டில் சொருகாதீர்கள். அடாப்டரின் அடியைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி என்றால் 120. நம் 230-ல் நேராகப் போட்டால் அடாப்டர் போய்விடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 220 அல்லது 240 என்று இருந்தால் பயமில்லை, அது பெரும்பாலும் பால் முறைப் பெட்டியாக இருக்கும் (குடிக்கிற பால் இல்லை, டிவி முறை). ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் என்டிஎஸ்சி. அவற்றைப் பழைய பிக்சர் டியூப் டிவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம் அல்லது உருளலாம். பயந்துவிடாதீர்கள், பெட்டி கெட்டுப்போகவில்லை.

அடுத்து, பெட்டியின் முன்பக்கம் மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளே ஜம்பர் பேக் என்ற கட்டை இருக்கிறதா பாருங்கள். அதுவோ, அந்த இடத்தில் போடும் எக்ஸ்பான்ஷன் பேக்கோ இல்லாமல் இந்தப் பெட்டி உயிர் பெறாது. யாரோ உருவிப் போட்டுவிட்டு "செத்த பெட்டி" என்று என்னிடம் கொண்டுவந்தவை இரண்டு.

கேசட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டுப் பின் கறுத்துவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். படம் வந்ததும் அந்த ஐந்தும் என்னென்ன என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.